ஒரு சாண் இடைவெளி

காலை ஏழரைக்கு எனக்கு ராத்திரி.
கரூர் கோவை ரோட்டில் அதே ஏழரைக்குத்தான்
காங்கேயம் பஸ்ஸும் வெள்ளகோவில் பஸ்ஸும்
ஒன்றையொன்று முந்தத் தொடங்கும்.

வார்டில் விடிய விடிய
பதினான்கு கட்டில், இரண்டு ஆக்ஸிஜன்,
மூன்றாம் கட்டிலின் "சிஸ்டர், சிஸ்டர்."
வந்து படுத்தால் தலைமாட்டில் ஏர்ஹாரன்.
ஜன்னலைச் சாத்தினால் தூங்கலாம்,
வெந்துகொண்டே.
திறந்தால் காற்று வரும்,
கூடவே ஒரு லாரியும் வரும்.

கனத்த திரை வாங்கிப் போட்டேன்.
வெளிச்சம் போனது, சத்தம் போகவில்லை.
இருட்டு எனக்கு டூட்டி நேரம்,
வெளிச்சத்தில்தான் கண் மூடும்.
காதில் பஞ்சு வைத்தேன்.
என் நாடியை நானே எண்ணிக்கொண்டு கிடந்தேன்,
அதுவும் வேலைதான்.

சென்னியப்பனுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை.
இருபத்திரண்டு வருஷம் தறிக்குடோனில் நின்ற காது.
"ஏ அம்மிணி, அப்புடியா சத்தம் வருது?" என்பார்,
டிவி அலறிக்கொண்டிருக்கும்.

ஜமால்தீன் வந்தார்.
பஸ் பாடி கட்டும் பட்டறையில்
பஸ்ஸுக்கு ஜன்னல் மாட்டிய கை.
டேப்பை இழுத்தபடியே கீழே எட்டிப் பார்த்தார்.
"போற வண்டியில பாதி நான் கண்ணாடி போட்டதுங்க.
அந்தப் பாவத்துக்கு ரேட்டைக் குறைச்சுக்கறேன்."
பிறகு சொன்னார்:
"கண்ணாடி மொத்தமா இருந்தா மட்டும் பத்தாதுங்க.
காத்து நுழையற சந்துல சத்தமும் நுழையும்,
ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்டு.
அதைப் பிரிக்கோணும்."

பழைய ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு ஜன்னல்,
நடுவே ஒரு சாண்.
வெளிக் கண்ணாடிக்கு அடியில் வாய்,
உள் கண்ணாடிக்குத் தலையில்.
இடைவெளியின் சுவரெல்லாம்
பெட்ஷீட் கம்பெனிக் கழிவுப் பஞ்சு,
அதன்மேல் துளை போட்ட தகடு.

வெளிச்சத்துக்குச் சிரமமே இல்லை.
இரண்டையும் நேராகக் கடந்து வந்து
தரையில் உட்கார்ந்துகொண்டது.
காற்று கீழே குனிந்து நுழைந்து
மேலே ஏறி, வளைந்து, உள்ளே இறங்கியது.
சத்தமும் அதே வழியில்தான் வந்தது.
ஏறும்போதெல்லாம் பஞ்சில் இடித்து இடித்து
பாதி உடம்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

போனில் எழுபத்தொன்பது காட்டிய எண்
அறுபதில் நின்றது.
"இன்னும் இறங்காதுங்களா?" என்றேன்.
"செங்கல் வெச்சுக் கட்டிட்டா இறங்குமுங்க."

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிவரை தூங்கினேன்.
ஹாரன் வந்தது,
பக்கத்து வீட்டில் யாரோ இருமுவதுபோல.

நாலாம் நாள்
தட்டில் கை வைத்தபடி சென்னியப்பன் சொன்னார்:
"ரூம்பு வெகு அமைதியாயிருச்சு.
இப்பத்தான் எனக்கு நல்லாக் கேக்குது."
"என்ன கேக்குது?"
"தறி."

வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும்
காதுக்குள் ஷிப்ட் முடியாத தறி.
இத்தனை நாள் கோவை ரோடுதான்
அதை மூடி வைத்திருந்ததாம்.
என்னைக் கிழித்த ஹாரன்
இவருக்குப் போர்வை.
பத்தொன்பது வருஷம் நர்ஸ்,
ஊரார் காதுக்கெல்லாம் சொட்டுமருந்து விட்டவள்,
ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜமால்தீனைத் திரும்பக் கூப்பிட்டேன்.
உள் கண்ணாடிக்கு பஸ் கதவின் கீல் மாட்டினார்,
காரணம் கேட்கவில்லை,
கூலியும் வாங்கவில்லை.
பகலில் அது மூடிக் கிடக்கும்.
நான் டூட்டிக்குக் கிளம்பியதும்
அவர் திறந்துகொள்வார்.

இன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டேன்.
உள் கண்ணாடி அகலத் திறந்து கிடந்தது.
பல்லடம் வண்டி ஒன்று
தெருவையே இழுத்துக்கொண்டு போனது.
அதன் அடியில்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
ஆடிக் காற்றில் காலண்டர் தாள் படபடத்தது.

மூடப் போனேன், மெதுவாக,
அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும்.
பிறகு ஒரு விரற்கடை விட்டுவைத்தேன்.
மணி இன்னும் ஏழுகூட ஆகவில்லை.